பேப்பரை முன்னால் அனுப்புங்கள்

என் நாத்தனாருக்குத் தொண்டை கட்டியது ஒரு திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை டாக்டர் அவளை வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கடித்துப் பார்த்து, ஒரு வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றார். கிசுகிசுக்கவும் கூடாதாம், கிசுகிசுப்பதுதான் தொண்டைக்கு இன்னும் கெடுதலாம். கூடப் போயிருந்தது நான்தான். அந்த டாக்டரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. எனக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருடம் ஆகிறது. நான் ஆரம்பித்த ஒரு வாக்கியத்தையாவது என்னை முடிக்க விட்டிருக்கிறாளா அவள்?

"ஒரு வாரம் போதுமா டாக்டர்? ரெண்டு வாரம்னா இன்னும் நல்லா ஆறுமே," என்று கேட்டேன்.

நாத்தனார் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

எங்கள் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவள் என் கணவரின் தங்கை. நாங்கள் கீழ்வீடு, அவள் மாடி. என் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எங்கள் இருவருக்கும் நடுவில் மேலும் கீழும் போய் வருவதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார். போதாக்குறைக்கு இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை, பதினேழு வருடமாக. அவள் ஓவிய ஆசிரியை, மூன்று வருடமாக, அதுவும் ஒப்பந்தத்தில். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட் அவள்தான். நான் வாரம் முழுக்கக் கை கழுவ வைத்து, நகம் பார்த்து, பெஞ்சைத் துடைத்து வைப்பேன். அவள் வெள்ளிக்கிழமை வந்து எல்லாவற்றிலும் வண்ணத்தைக் கொட்டிவிட்டுப் போவாள். திங்கட்கிழமை காலையில் எங்கள் சண்டை அங்கிருந்து தொடங்கும்.

அந்த வெள்ளிக்கிழமைதான் அவள் தலையெழுத்தே தீர்மானமாக இருந்தது. புதிதாக வந்திருந்த தலைமையாசிரியையிடம் கணக்கு வாத்தியார் போய், பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு வரவில்லை, அந்த இரண்டு பீரியடை என்னிடம் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். அந்த அம்மாள் உடனே சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "வெள்ளிக்கிழமை கடைசிக் கால்மணி நேரம் நானே வந்து பார்க்கிறேன். பிள்ளைங்க அங்க என்ன கத்துக்கிறாங்கன்னு தெரிஞ்சா போதும்," என்று சொல்லிவிட்டார். அது தேறாவிட்டால் பீரியட் கணக்குக்குப் போய்விடும், நாத்தனாரின் ஒப்பந்தமும் அதோடு முடிந்துவிடும். அவளுக்கு வேறு ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை தரத் தயாராக இருந்தார்கள். ரயிலில் ஏறினால் ஒரு முழுப் பகல் போக வேண்டிய ஊர்.

நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மாடி காலியாகும். பெஞ்ச் சுத்தமாக இருக்கும். என் வாக்கியங்களை நானே முடித்துக்கொள்ளலாம். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தும் மனசு ஒத்துழைக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சண்டை போட ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பதை நினைத்ததும் அந்தப் பட்டியலே கசந்துவிட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக அவளிடம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானமே அவள் ஒரு சிலேட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். அதில் எழுதியிருந்தது: "அண்ணி, வெள்ளிக்கிழமை நீங்கதான் என் வாய்."

"அவ்வளவு பெரிய வாயை நான் எங்கடி வெச்சுக்கிறது?" என்றேன்.

அவள் துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள். "பிள்ளைங்க உங்களுக்குப் பயப்படுவாங்க. மேடம் வர்ற நேரம் அமைதியா இருக்கும். நான் கையால காட்டறேன், நீங்க சொன்னா போதும்."

அதற்குப் பிறகு மூன்று நாள் சாப்பாட்டு மேஜையில் எனக்குப் பயிற்சி நடந்தது. சாக் பேஸ்டல் என்பது பார்வைக்குக் கலர் சாக்பீஸ்தான், ஆனால் வெண்ணெய் மாதிரி மிருதுவானது, தொட்ட இடமெல்லாம் ஒட்டும். கறுப்புத் தாளில் போட்டால் வெளிச்சம் எழுந்து நிற்கும். குச்சியைப் பென்சில் மாதிரிப் பிடிக்கக் கூடாது, படுக்கவைத்து இழுக்க வேண்டும். விரலால் தேய்த்து ஒரு நிறத்தை இன்னொன்றுக்குள் கரைக்க வேண்டும். பொடி விழுந்தால் ஊதக் கூடாது. இதையெல்லாம் பதினொரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். "ஊதாதே" என்பதற்குக் கீழே மூன்று கோடு.

ஒத்திகைக்கு நானும் ஒரு பூனை வரைந்து பார்த்தேன். என் கணவர் எட்டிப் பார்த்து, "நல்லா வந்திருக்கு. எந்த நாட்டு மேப் இது?" என்று கேட்டார். நாத்தனாருக்கு வாய்விட்டுச் சிரிக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தர்ப்பம் பார்த்து நான் அவள் குறைகளை வரிசையாக எடுத்துச் சொன்னேன். பதில் சொல்ல முடியாமல் சிலேட்டில் கிறுக்கிக்கொண்டே இருந்தாள், ஒன்றை எழுதி முடிப்பதற்குள் நான் மூன்றாவதுக்குப் போய்விட்டேன். என் மண வாழ்க்கையின் மிக இனிமையான மூன்று நாட்கள் அவை.

வெள்ளிக்கிழமை மதியம் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"இன்னிக்கு டிராயிங் டீச்சருக்குத் தொண்டை சரியில்ல. அவங்க நினைக்கிறதை நான் சொல்வேன்," என்றேன்.

முதல் பெஞ்சில் ஒருத்தி கையைத் தூக்கினாள். நாளொன்றுக்கு நாற்பது கேள்வி கேட்பவள், ஆசிரியர் அறையில் அவளுக்குக் கேள்விக்குறி என்று பெயர். "அவங்க நினைக்கிறது உங்களுக்கு எப்படி டீச்சர் தெரியும்?"

"பதினொரு வருஷமா தெரியும். உக்காரு."

முதல் வேலை முற்றத்துக்குப் போவது. பள்ளிக்கூட முற்றத்தில் ஒரே ஒரு பெரிய மரம், சுவரோரமாகக் கொஞ்சம் செடி, குழாயடியில் ஈரமண். ஆளுக்கு ஒரு பொருள் பொறுக்கி வர வேண்டும். கீழே விழுந்ததாக இருக்க வேண்டும், பறிக்கக் கூடாது. நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் முற்றம் காலில் மிதிபடும் சருகுச் சத்தத்தால் நிறைந்துவிட்டது. ஒருவன் ஒரு இறகைக் கண்டுபிடித்தான். அதே இறகை வேறு மூன்று பேரும் தாங்கள்தான் கண்டுபிடித்ததாகச் சொன்னார்கள். ஒருத்தி தன் நிழலை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். வகுப்பிலேயே பெரிய வாலு ஒருவன் உண்டு. அவன் இரண்டு கையையும் கிண்ணமாகக் குவித்துக்கொண்டு ஓடி வந்தான். உள்ளே ஒரு நத்தை.

"கீழ விழுந்ததுதான் கொண்டு வரச் சொன்னேன்."

"இதுவும் கீழதான் இருந்துச்சு டீச்சர்."

நாத்தனாரைப் பார்த்தேன். அவள் கட்டைவிரலை உயர்த்தினாள். நத்தை தேர்வானது.

உள்ளே வந்ததும் அவள் பேஸ்டல் பெட்டிகளைத் தரவில்லை. பொருளை மேஜையில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும், ஐந்து நிமிடம் பார்க்க மட்டும் வேண்டும். இதுதான் நடக்காத காரியம் என்று வீட்டிலேயே சொல்லியிருந்தேன். எட்டு வயசுப் பிள்ளைகள் ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் காய்ச்சலா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் அவள் ஒவ்வொரு பெஞ்சாகப் போய் ஒரு விரலால் சுட்டினாள், நான் பின்னாலேயே போய்ச் சொன்னேன். எத்தனை நரம்பு இருக்கு, எண்ணு. பூச்சி எங்க கடிச்சிருக்கு? திருப்பிப் பாரு, அடியில வேற நிறமா? ஓரம் வழவழன்னு இருக்கா, பல்லு பல்லா இருக்கா? பேசுவது நானா அவளா என்று எனக்கே குழம்பிப்போனது. நானும் ஒரு இலையை எடுத்து வைத்துக்கொண்டேன், சும்மா, மாதிரி காட்டத்தான். திருப்பினால் அடிப்பக்கம் செம்பு நிறத்தில் இருந்தது. பதினேழு வருடமாக அந்த மரத்தடியில் நடக்கிறேன், யாரும் என்னிடம் சொல்லவே இல்லை.

அப்புறம் பெட்டிகளைத் திறந்தோம்.

"குச்சியைப் படுக்கப் போட்டு இழுங்க. அப்புறம் விரலால தேய்ங்க."

வகுப்பு அசையவில்லை. கேள்விக்குறி மெல்லக் கேட்டாள். "விரலாலயா? அழுக்காயிடாதா டீச்சர்?"

வருடம் முழுக்க நகம் பார்த்தவள் நான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆகும்," என்றேன்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. முப்பத்தெட்டுப் பேரின் விரலும் ஒரே நேரத்தில் தாளில் இறங்கியது. மஞ்சள் பச்சைக்குள் போனது, பச்சை நீலத்துக்குள் போனது, நீலம் பக்கத்துப் பையனின் காதுக்குப் போனது. ஒருவன் பொடியை ஊதினான், என் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் ஊதாவானது. அந்தப் பக்கம் உலகமே அழகாக இருந்ததால் நான் துடைக்கவில்லை. நத்தை வாலுவின் தாளில் ஏறி ஒரு கோடு போட்டது. "அது சொந்தமா வரையுது, நான் உதவி செய்யலை," என்று அவன் சத்தியம் செய்தான்.

நான் என் இலையை வரைந்துகொண்டிருந்தேன். ஆரஞ்சு மேல் சிவப்பு, அதன் மேல் கொஞ்சம் மஞ்சள். கட்டைவிரலால் தேய்த்ததும் கறுப்புத் தாளிலிருந்து அந்த இலை மெல்லத் தலைதூக்கிப் பார்த்தது. எனக்குத் தலை கிறுகிறுத்தது. யாரோ கலகலவென்று சிரிக்கும் சத்தம் கேட்டு, வகுப்பில் சிரிப்பது யார் என்று அதட்டத் திரும்பினேன். சிரித்தது நான்தான். நாத்தனார் கைகட்டி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்ததைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது.

தலைமையாசிரியை வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நாத்தனார் ஐந்து விரலைக் காட்டி, ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று சைகை செய்துவிட்டுச் சாமான் அறைக்குப் போனாள். படங்களை நடைவழியில் தொங்கவிடக் கயிறும் துணிக் கிளிப்பும் எடுத்து வரத்தான்.

இங்கேதான் நான் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், எனக்குச் சாதகமாக இருக்கிற ஒரே விஷயம் அது. பதினொரு பக்கத்தில் அவள் எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். படம் முடிந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதவில்லை. அவளுக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயம். எனக்கோ அது யோசிக்கவே தேவையில்லாத பழக்கம்.

கடிகாரத்தைப் பார்த்தேன். எழுந்தேன். என் வாய் தானாகத் திறந்தது.

"நேரம் முடிஞ்சுது. கையில இருக்கறதைக் கீழ வை. கடைசி பெஞ்சுலருந்து பேப்பரை முன்னால அனுப்பு."

நான் பழக்கிய பிள்ளைகள். பதினெட்டு விநாடியில் முப்பத்தெட்டுத் தாளும் முன்பெஞ்சுக்கு வந்து சேர்ந்தன, சில நிமிர்ந்தும் சில குப்புறவும். வாங்கினேன். வரிசை எண்படி அடுக்கினேன். மேலே என் இலையை வைத்தேன். கட்டாகப் பிடித்து மேஜையில் தட்டினேன், நீளவாக்கில் நாலு தட்டு, அகலவாக்கில் நாலு தட்டு. வண்ண வண்ணமாகப் பொடி கொட்டியது. என்ன தூசி என்று அலுத்துக்கொண்டு டஸ்டரால் துடைத்தேன். ஓரம் சுருண்டிருந்ததால் மேலே அகராதியை வைத்து உள்ளங்கையால் நன்றாக அழுத்தினேன். பிறகு நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, ஒரு முடிச்சு. அவ்வளவு அழகான கட்டு. எட்டு நிமிட வேலையை மூன்று நிமிடத்தில் முடித்த திருப்தியில் கையைத் தட்டிக்கொண்டேன்.

நாத்தனார் கயிற்றுச் சுருளோடு உள்ளே வந்தாள். காலியான பெஞ்சுகளைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். அகராதியைப் பார்த்தாள்.

அவள் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. பதினொரு வருடமாக நான் வேண்டிக்கொண்டிருந்த காட்சி அது. அந்த நேரத்தில் அவள் ஒரு கத்துக் கத்தியிருந்தால் நான் அவள் காலில் விழுந்திருப்பேன்.

"என்னடி?" என்றேன். கேட்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

நூலை அறுத்தோம். மேலே இருந்த என் இலை பழுப்புப் புகையாக இருந்தது. அடுத்தது சாம்பல். அதற்கடுத்ததும் சாம்பல், ஓரத்தில் கொஞ்சம் பச்சை. எல்லா நிறமும் சேர்ந்து, பெயரே இல்லாத ஒரு நிறமாகியிருந்தது. அங்கங்கே ஒரு பாதி இறகு, ஒரு இலையின் நுனி. அவள் ஏழாவது தாளோடு நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் உட்காரும் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்தாள். கயிறு மடியில் கிடந்தது. என்னை முறைக்கக்கூட இல்லை. ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள், கண் நிறைந்துவிட்டது. ரயில் கிளம்புகிற சத்தம் எனக்கே கேட்டது.

கேள்விக்குறி எழுந்தாள். "டீச்சர், எங்க படத்தை ஏன் தட்டினீங்க?"

"எப்பவும் தட்டுவேன்ல."

"எப்பவும் செய்றதையும் யோசிச்சுத்தான் செய்யணும்னு சொல்வீங்களே."

அதற்குள் வாலு தன் நத்தைப் படத்தைத் தேடிக்கொண்டு மேஜைக்கு வந்திருந்தான். அவன் தாளில் நத்தை இல்லை. நாலைந்து தாளைப் புரட்டி, ஒரு தாளின் முதுகுப்பக்கத்தைத் தூக்கிக் காட்டினான். "டேய், என் நத்தை இவன் வீட்டுக்குப் போயிடுச்சு." உண்மையில் மங்கலாக ஒரு நத்தை அங்கே ஒட்டியிருந்தது, தலைமாறி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. அடுத்த நொடி முப்பத்தெட்டுப் பேரும் மேஜையில் விழுந்தார்கள். என் இறகு எங்கே, உன் முதுகில் என் இலை, என் விதையை யாரோ தின்றுவிட்டார்கள் என்று ஒரே கூச்சல். தாள்கள் தரையில் பரவின. பிள்ளைகள் முழங்காலில் தவழ்ந்து தேடினார்கள். யாரோ நிஜ நத்தை காணவில்லை என்றதும் பாதிப் பேர் பெஞ்சுக்கு அடியில் புகுந்தார்கள். அழ வேண்டிய பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். எனக்கும் பயத்தில் சிரிப்பு முட்டியது.

அப்போதுதான் கதவருகே செருப்புச் சத்தம் கேட்டது. தலைமையாசிரியை நின்றிருந்தார். பின்னால் கணக்கு வாத்தியார், அக்குளில் கால அட்டவணை.

"இது என்ன பாடம்?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

நான் நினைத்தால் தப்பித்திருக்கலாம். வாய் என்னுடையது, நாத்தனாரால் மறுத்துப் பேசவும் முடியாது. "இது ஒரு புது முறை மேடம். ஒரு படத்துக்கு மேல இன்னொண்ணை வெச்சு அழுத்தினா..." என்று ஆரம்பித்தும் விட்டேன்.

"இல்ல மேடம்," என்றாள் கேள்விக்குறி, தரையிலிருந்து தலையைத் தூக்கி. "டீச்சர் தெரியாம தட்டிட்டாங்க. அகராதியும் வெச்சாங்க."

கணக்கு வாத்தியார் கால அட்டவணையைப் பிரிக்க ஆரம்பித்தார்.

எனக்குக் காது சுட்டது. பாதி ஊதாவாக இருந்த கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"ஆமா மேடம். பரீட்சைப் பேப்பர் மாதிரி அடுக்கிக் கட்டிட்டேன். பதினேழு வருஷப் பழக்கம். இங்க தப்பு நடந்திருந்தா அது என்னோடது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால வந்திருந்தீங்கன்னா இந்த ரூமே ஜொலிச்சுது. நான்கூட வரைஞ்சேன், நான் வரைஞ்சா பூனை எதுன்னு வீட்ல தெரியாது. அந்த மரத்து இலைக்கு அடியில செம்பு நிறம்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். இவ காட்டித்தான் தெரியும்." கொஞ்சம் நிறுத்தினேன். அடுத்தது சுலபமாக வரவில்லை. "இவ என்னைவிட நல்ல டீச்சர்."

நாத்தனார் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

தலைமையாசிரியை குனிந்து ஒரு தாளை எடுத்தார். முழுக்கச் சாம்பல், நடுவில் ஒரு பச்சைத் தீற்றல்.

"இதுல என்ன இருந்துச்சு?"

"புகை மாதிரி இருக்கு," என்றார் கணக்கு வாத்தியார்.

"அது என்னோட இலை மேடம்," என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். அந்தப் பெண்ணைத் தூங்குமூஞ்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆறு மாதமாக என் வகுப்பில் வாயே திறக்காதவள். எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இலையா? எங்க இருக்கு?"

"இப்ப இல்ல. ஆனா எனக்குத் தெரியும். இடது பக்கம் ஏழு நரம்பு. வலது பக்கம் ஆறு. ஏழாவது இருந்திருக்கும், பூச்சி கடிச்சிடுச்சு. கடிச்ச இடத்தைச் சுத்தி மஞ்சளா ஒரு வளையம். காம்பு நேரா இல்ல, கொஞ்சம் இந்தப் பக்கம் சாயும். அடியில சிவப்பு, ஆனா எல்லா இடத்துலயும் இல்ல, நடு நரம்புல மட்டும்."

கணக்கு வாத்தியார் கையை நீட்டினார். "அந்த இலை எங்க? குடு."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்து, உதட்டை அசைத்து எண்ணினார். திருப்பிப் பிடித்து இன்னொரு தடவை எண்ணினார். "ஏழு. ஆறு," என்றார், யாரிடமோ சண்டையில் தோற்ற மாதிரி.

"என்னோடதைக் கேளுங்க சார்," என்று ஒருவன் அவர் கையைப் பிடித்தான். "என் இறகுல நாலு இடத்துல பிரிஞ்சிருக்கு, மேலருந்து மூணாவதுதான் பெருசு."

"சார், என் விதைக்கு அஞ்சு மூலை, ஒண்ணு உடைஞ்சுது."

"சார், நத்தை முதுகுல மூணரை சுத்து."

"மூணரையா? அதெப்படி அரை வரும்?"

"வந்து பாருங்க சார்."

நத்தை கரும்பலகைக்குக் கீழே கிடைத்தது. கணக்கு வாத்தியார் கால அட்டவணையைக் கீழே போட்டுவிட்டு அதன்மேல் மண்டியிட்டார். ஒரு விரலைக் காற்றில் சுழற்றி எண்ணினார். நத்தை கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டது. "மூணே கால்," என்றார். "மூணரை," என்றான் வாலு. அவரைச் சுற்றிப் பதினைந்து பேர் மண்டியிட்டார்கள், மூன்றே கால் கட்சியும் மூன்றரைக் கட்சியும் பிரிந்து வாக்குவாதம் நடந்தது. அவர் சட்டையில் ஐந்தாறு கை அடையாளம், பச்சையும் நீலமுமாக. அவருக்கு அது தெரியவே இல்லை.

தலைமையாசிரியை பிள்ளை பிள்ளையாகப் போனார். சாம்பல் தாளைக் காட்டி இதில் என்ன இருந்தது என்று கேட்டார். ஒரு பிள்ளையும் விழிக்கவில்லை. படத்தை நான் அழித்திருந்தேன், அவர்கள் பார்த்ததை அழிக்க எந்த அகராதியாலும் முடிந்திருக்கவில்லை. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் அவர் நாத்தனாரிடம் வந்தார். "திங்கட்கிழமை காலையில ஆபீஸுக்கு வாங்க. ஒப்பந்தத்துல கையெழுத்து போடணும். அடுத்த வருஷத்துக்கும் சேர்த்தே போட்டுடலாம்."

"அப்ப வாய்ப்பாடு மேடம்?" என்றார் கணக்கு வாத்தியார் தரையிலிருந்து.

"இவ்வளவு நேரம் எண்ணிட்டுத்தானே இருந்தீங்க சார்."

அவர் தன் முழங்காலுக்கு அடியில் கிடந்த கால அட்டவணையைப் பார்த்தார், நத்தையைப் பார்த்தார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை இதையே மறுபடி வரையட்டும். நான் வந்து பார்க்கணும்," என்றார் தலைமையாசிரியை. கதவுக்குப் போனவர் திரும்பினார். "பேப்பரை யாரு வாங்கப் போறீங்க?"

"டீச்சர் வேண்டாம்," என்று முப்பத்தெட்டுக் குரல் ஒன்றாக வந்தது. இந்த வருடம் முழுவதிலும் அவர்கள் அவ்வளவு சேர்ந்து ஒரு பதில் சொன்னதில்லை.

மணி அடித்தது. முகமெல்லாம் வண்ணமாகப் பிள்ளைகள் போனார்கள். கணக்கு வாத்தியார் நத்தையைத் தானே குழாயடியில் விடுவதாக எடுத்துப் போனார், வழியில் இன்னொரு முறை எண்ணிப் பார்க்கத்தான் என்பது எனக்குத் தெரியும். நானும் நாத்தனாரும் மட்டும் தரையில் உட்கார்ந்து தாள்களைப் பொறுக்கினோம், ஒன்றின்மேல் ஒன்று படாமல்.

அவள் சிலேட்டை இழுத்து எழுதினாள். "மேடம்கிட்ட என்னைப் பத்தி ஒண்ணு சொன்னீங்களே அண்ணி."

"என்ன சொன்னேன்? ஒண்ணும் சொல்லல."

"நல்ல டீச்சர்னு."

"அதுக்கென்ன இப்போ?"

"எழுதிக் குடுங்க. தேதி போட்டு, கையெழுத்தோட. நான் பேச ஆரம்பிச்சதும் நீங்க அப்படிச் சொல்லவே இல்லன்னு சாதிப்பீங்க."

அவள் சொல்வது சரிதான், சாதித்திருப்பேன். ஒரு கறுப்புத் தாளை எடுத்து, ஆரஞ்சுக் குச்சியால் பெரிதாக எழுதினேன்: "என் நாத்தனார் என்னைவிட நல்ல டீச்சர்." தேதி போட்டேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கை நின்றது. கீழே இன்னொரு வரி தானாக வந்தது. "நீ போயிருந்தா நான் தாங்கியிருக்க மாட்டேன்."

தாளைத் தட்டாமல், மடிக்காமல், இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தேன். முதல் வரியைப் படிக்கும்போது அவள் முகம் முழுக்க வெற்றிச் சிரிப்பு. இரண்டாவது வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள், உதடு துடித்தது, ஏதோ சொல்ல வாயைத் திறந்தே விட்டாள்.

பாய்ந்து அவள் வாயைப் பொத்தினேன். "பேசாதே. எனக்குத் தெரியும்."

கையை எடுத்தபோது அவள் முகத்தில் பாதி ஆரஞ்சாகியிருந்தது. அழுதுகொண்டே சிரித்து, துடைத்துக்கொண்டதில் மீதிப் பாதியும் ஆரஞ்சானது.